அங்கீகரிக்கப்பட்ட நித்திரை

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் முன்பு உப்பும் கருவாடும் அடுக்கிவைத்த பழைய பண்டகசாலை ஒன்று உண்டு. தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில், இந்தியன் ஆமி தன் நாட்டுக்குத் திரும்பக் கப்பலேறிக்கொண்டிருந்த, அடுத்த சண்டை இன்னும் துவங்காத அந்தச் சில மாதங்களில், அதன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள். ‘தீவகச் சிறுவர் மூளைக் குருதியோட்டப் படிமவியல் ஆய்வு நிலையம்’ என்றது பலகை. அதை வாசித்து முடிப்பதற்குள் சைக்கிளில் போகிறவன் அடுத்த சந்தியைத் தாண்டிவிடுவான். ஆகையால் சனங்கள் சுருக்கமாக ‘நித்திரை ஆசுப்பத்திரி’ என்று வைத்துக்கொண்டார்கள். உள்ளே போகிற பிள்ளை நித்திரையாக இருக்கவேண்டும் என்பது அங்கே முதலாவது சட்டம்.

திறப்புவிழாவில் பணிப்பாளர் டொக்டர் அப்புத்துரை நெடுநேரம் பேசினார். லண்டனில் படித்து, கொழும்பில் பெயரெடுத்து, வெளிநாட்டுப் பணத்தோடும் ஒரு இயந்திரத்தோடும் வந்திறங்கியவர் அவர்.

“மூளைக்கு ஓடும் இரத்தத்தை இந்த இயந்திரம் படமாக வரையும், அதன் சத்தத்தையும் எங்களுக்குக் கேட்கச் செய்யும். ஆனால் பிள்ளை அசைந்தால் படம் பழுது. பிள்ளைகளோ அசைகிறார்கள். இந்தத் துறை எதிர்கொண்ட பெரிய இடர் பிள்ளைகள்தான்” என்றார். “ஆகவே மருந்து கொடுத்து நித்திரையாக்குகிறோம். அந்த மருந்தே இரத்த ஓட்டத்தை மாற்றிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். மாற்றும். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேமாதிரி மாற்றும். சமத்துவம் என்பது வேறென்ன?”

கைதட்டினார்கள். இதற்குத் தீவுகளை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார்.

“சூழவரக் கடல். ஆய்வுக்குள் வந்த பிள்ளை ஆய்வைவிட்டு வெளியே போகாது” என்றார் பணிப்பாளர். அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் வந்துவிட்டபடியால் வேறு கேள்வி எழவில்லை.

மண்டைதீவு மரியநாயகத்துக்கு விஞ்ஞானத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. வலை, வள்ளம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்று இருந்த மனிதர். அவரை அந்தப் பலகைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியவள் மகள் றோஸ். ஆறு வயது, ஒரே பிள்ளை.

றோஸுக்கு வந்த நோய்க்கு, அந்த வருத்தத்துக்கு, வீட்டில் பெயர் கிடையாது. “பிள்ளை போறாள்” என்பார்கள். விளையாடிக்கொண்டிருப்பாள். கையில் சிப்பி இருக்கும், வாயில் பாதிப் பாட்டு இருக்கும். அப்படியே நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் கேட்காது, தட்டினால் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடவாததுபோல விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடருவாள். வீட்டுக்கு மேலால் ஹெலிகொப்டர் ஒன்று, கூரை ஓலை பறக்கும்படி தாழப் போன ஒரு மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கிய வருத்தம் இது. முதலில் எப்பவோ ஒருக்கால் வந்தது, இப்போது தினமும் வந்தது. போன மாதம் கிணற்றுக்கட்டில் நின்றபடி போய்விட்டாள். தாய் மேரிஜோசப்பின் பாய்ந்து சட்டையைப் பிடித்திராவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு மரியநாயகம் கடலுக்குப் போனாலும் மனம் கரையிலேயே நின்றது. பிள்ளை எங்கே போகிறாள், ஒருநாள் திரும்பி வராமல் விட்டால் என்ன செய்வது, இதை அவருக்கு யாராவது சொல்லவேண்டும். டிஸ்பென்சரிக்காரர் ஊர்காவற்றுறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

முதல் தடவை அவர் போனபோது றோஸ் பஸ்ஸிலேயே தகப்பனின் தோளில் நித்திரையாகிவிட்டாள். மரியநாயகத்துக்குச் சந்தோஷம். நித்திரைப் பிள்ளையைத்தானே கேட்கிறார்கள், வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசலில் கதிரை போட்டிருந்த காவலாளி முருகேசு எழுந்து வந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார்.

“ஆர் நித்திரையாக்கினது?”

“ஒருத்தரும் ஆக்கேல்லை அண்ணை. தானாக் கொண்டவள்.”

“தானாக் கொண்ட நித்திரையை இஞ்சை எடுக்கமாட்டினம். எழுப்பும்.”

“நித்திரையாத்தானே இருக்கவேணும் எண்டு சொன்னவை?”

“அங்கீகரிக்கப்பட்ட நித்திரை” என்று முருகேசு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அந்தச் சொல்லைப் பழகுவதற்கு அவருக்கு ஒரு கிழமை சென்றிருந்தது, அதை வீணாக்க அவர் விரும்பவில்லை. “இது சும்மா வீட்டு நித்திரை. இதிலை பிள்ளை கனவு காணும், சிரிக்கும், நரி வெருட்டும். அப்ப ரத்தம் தன்ர பாட்டுக்கு ஓடும். அதைப் படம் எடுத்து என்ன செய்யிறது?”

சத்தம் கேட்டு டொக்டர் அப்புத்துரையே வெளியே வந்தார். நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். நித்திரையில் எத்தனை வகை என்று மரியநாயகத்துக்கு விளக்கினார். “இயற்கையான நித்திரை தரப்படுத்தப்படாதது. இந்தப் பிள்ளை இன்று ஒருதரம் நித்திரை கொண்டுவிட்டது, அதனால் மருந்தும் சரியாக வேலை செய்யாது. வியாழக்கிழமை கொண்டுவாரும். அதற்கு முதல்நாள், புதன் இரவு முழுவதும், பிள்ளை கண் மூடக்கூடாது. மூடினால் பொறுப்பு உம்முடையது.”

“பிள்ளைக்கு என்ன எண்டு அப்ப சொல்லுவியளோ ஐயா? எங்கை போறாள் எண்டு?”

“படம் சொல்லும்” என்றார் பணிப்பாளர்.

வாசலடி மரவாங்கில் வேலணை இராசமணி மகனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஏழு வயதுப் பெடியன், கால் இரண்டும் வாங்குக்கு வெளியே தொங்கின. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பத்துத் தடவை பிள்ளையைக் கூட்டிவந்த அனுபவத்தில் அவள் மரியநாயகத்துக்கு நடைமுறை சொல்லிக் கொடுத்தாள்.

“இவன் முதல்நாள் மருந்தைத் துப்பிப்போட்டான் அண்ணை. முழிச்சுக்கொண்டு கிடக்கத்தான் படம் எடுத்தவை. எடுத்துப் பாத்தால், ரத்தம் அளவுக்கு மிஞ்சி ஓடுதாம்.”

“ஏனாம்?”

“சரியான அளவு எண்டு ஒரு அட்டவணை வைச்சிருக்கினம். அது நித்திரைப் பிள்ளையளிலை எடுத்த அளவு. அதோடை ஒப்பிட்டால் இவனுக்குக் கூடிப்போச்சு. முழிச்சிருந்தபடியாலோ ஐயா எண்டு கேட்டனான். முழிப்புத்தான் வருத்தத்தின்ர அறிகுறி எண்டிட்டார். அண்டையிலையிருந்து மூண்டு நேரமும் மருந்து. இப்ப நல்ல பிள்ளை. குழப்படி இல்லை. ஹெலிச் சத்தம் கேட்டாலும் எழும்பான்.” அவள் மகனின் வாயை விரலால் மெல்ல மூடிவிட்டாள். அது திரும்பத் திறந்தது. “நான் கூப்பிட்டாலும் எழும்பான்” என்றாள் பிறகு, வேறு குரலில்.

அவளுக்குப் பின்னால் சுவரில் நிலையத்தின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. வெள்ளைத் துணியில் கண் மூடிக் கிடக்கும் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் கை கட்டி நின்று நேரே பார்க்கும் உத்தியோகத்தர்கள். மரியநாயகம் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீவுச் சனம் எல்லாருடைய அலுமாரியிலும் இப்படிப் படம் ஒன்று இருக்கும். யாராவது செத்தால், பெட்டி மூடுமுன் சொந்தக்காரர் எல்லாரும் பிரேதத்தைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்து, ஜேர்மனியிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். கண் மூடிக் கிடக்கிற ஆளைச் சுற்றி நின்று எடுக்கிற படம் என்றால் அங்கே அது ஒன்றுதான். கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளருக்கு இது தெரிய நியாயமில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் இதை மனைவியிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டார்.

“என்ர பிள்ளையை அப்பிடிக் கிடத்திப் படம் எடுக்க விடமாட்டன்” என்றாள் மேரிஜோசப்பின்.

“தலைக்குள்ளை எடுக்கிற படமடி. இது வேறை.”

“தலைக்குள்ளையோ தலைக்கு வெளியிலையோ, பிள்ளை கண்ணைத் திறந்திருக்கட்டும். அதுக்குப் பிறகு எடுக்கட்டும்.”

“கிணத்துக்குள்ளை போகாமல் இருக்கவேணுமெண்டால் என்ன வருத்தம் எண்டு அறியவேணும். வேறை ஆர் இருக்கினம் சொல்லுறதுக்கு?”

அவள் அதற்குமேல் மறிக்கவில்லை. ஆனால் தானும் வருவேன் என்று சொல்லிவிட்டாள்.

புதன் இரவு பிள்ளையை முழிப்பாக வைத்திருக்க அயலட்டைச் சனம் முழுவதும் முறை வைத்து வந்தது. பாட்டுப் பாடினார்கள், தாயம் உருட்டினார்கள், முகத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள். விடியும்போது றோஸின் கண் சிவந்து உதடு வெளுத்திருந்தது. அந்த ஒரு இரவில் அவள் முன்னெப்போதும் இல்லாத அளவு தடவை ‘போய்’ வந்தாள். ஒவ்வொரு தடவையும் மரியநாயகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வரும்வரை மூச்சு விடாமல் இருந்தார்.

வியாழக்கிழமைதான் பணம் கொடுத்த வெள்ளைக்காரத் துரையும் மனைவியும் நிலையத்தைப் பார்க்க வருகிற நாள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வாசலில் வாழை கட்டியிருந்தது. முருகேசு சப்பாத்துப் போட்டிருந்தார். விருந்தினர் பார்ப்பதற்குப் பிள்ளைகள் போதாது என்று வேலணையிலிருந்தும் நாரந்தனையிலிருந்தும் வருத்தமில்லாத பிள்ளைகளையும் தாய் தகப்பனோடு பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார்கள். அவர்களுக்கும் மருந்து கொடுத்தாயிற்று. சுகமான பிள்ளை முழித்திருந்தால் அட்டவணைப்படி வருத்தக்காரப் பிள்ளையாகிவிடும், விருந்தினர் முன்னால் அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்று பணிப்பாளர் கருதினார்.

தாதி மிஸி ஒருத்தி செம்மஞ்சள் நிற மருந்துத் தண்ணியை றோஸின் வாயில் வைத்தாள். கசப்பென்று பிள்ளை முகம் சுழித்தது. “குடி குஞ்சு, அப்பா நிக்கிறன்” என்றார் மரியநாயகம். தகப்பன் நிற்கிறார் என்று அவள் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கழுத்துச் சரிந்தது.

மண்டபத்தில் பாய்களை விரித்து, வெள்ளைத் துணி போர்த்து, பிள்ளைகளைத் தலை ஒருபக்கம் கால் ஒருபக்கமாக வரிசையில் கிடத்தினார்கள். இராசமணியின் மகனுக்குப் பக்கத்தில் றோஸ். இயந்திரம் ஒன்றுதான், அதனால் அது ஒரு பிள்ளைக்குத்தான். புதுப்பிள்ளை என்றபடியால் றோஸின் நெற்றியோரத்தில் பசை பூசி, கோல் போன்ற ஒன்றை வைத்துக் கட்டினார்கள். வெளியே ஜெனறேற்றர் உறுமியது. திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ அசைந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சர்ர்… சர்ர்… சர்ர்… பண்டகசாலையின் உயரமான கூரைக்குக் கீழே அது எல்லாப் பக்கமும் நிறைந்தது.

“இதென்ன சத்தம்?” என்று மேரிஜோசப்பின் மெல்லக் கேட்டாள்.

“உம்முடைய பிள்ளையின் மூளைக்கு ஓடும் இரத்தம்” என்றார் பணிப்பாளர், தாமே ஓடவிட்டதுபோல.

தன் வயிற்றில் கிடந்த பிள்ளையின் உள்ளே இப்படி ஒரு சத்தம் இருந்ததை அவள் அறிந்ததில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். “றோஸ்” என்று அவளையறியாமல் வந்துவிட்டது. சர்ர் சர்ர் என்று நிதானமாக வந்த சத்தம் உடனே விரைந்தது. பக்கத்தில் நின்ற எல்லாரும் கேட்டார்கள்.

“பிள்ளைக்குக் கேக்குது!” என்றார் மரியநாயகம்.

“பிள்ளைக்குக் கேட்காது. அது குறுக்கீடு” என்றார் பணிப்பாளர். “பெற்றோர் பேசினால் பதிவு பழுதாகும். தயவுசெய்து பிள்ளையைக் கூப்பிடவேண்டாம்.”

விருந்தினர் வந்தார்கள். துரை உயரம், மனைவி அதைவிட உயரம். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு நடந்தார்கள். பணிப்பாளர் உரை நிகழ்த்தினார். “நாங்கள் வரும்போது இந்தத் தீவுகளில் பிள்ளைகள் அழுதார்கள், ஓடினார்கள், வானத்தைப் பார்த்துக் கத்தினார்கள். இன்று பாருங்கள்” என்று கையை விரித்தார். “ஒரு சத்தம் இல்லை.” துரை தலையாட்டினார். வருடாந்த அறிக்கைக்கு ஒரு படம் வேண்டும் என்று சொல்லி, பணிப்பாளர் படக்காரரை முன்னுக்கு அழைத்தார்.

படக்காரர் தம்பிராசா ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் ஸ்ரூடியோ வைத்திருப்பவர். கல்யாணவீடும் செத்தவீடும்தான் அவருடைய தொழில். கடந்த சில வருஷங்களில் கல்யாணவீடு குறைவு. அவர் கமராவைத் தூக்கி, வெள்ளைத் துணியில் கிடந்த வரிசையைப் பார்த்தார். பிறகு அவருடைய வாய் தன்பாட்டுக்குப் பழகிய வேலையைத் தொடங்கிவிட்டது.

“தாய்மார் தலைமாட்டுக்கு வாங்கோ. தேப்பன்மார் கால்மாட்டுக்கு. மற்ற ஆக்கள் பின்னுக்கு நில்லுங்கோ. பிள்ளையளின்ர கையை நெஞ்சிலை வைச்சுவிடுங்கோ… அந்தப் பிள்ளையின்ர வாயைக் கொஞ்சம் மூடிவிடுங்கோ தங்கச்சி. முகத்தைக் குனிஞ்சு பாருங்கோ. ஒருத்தரும் சிரிக்கவேண்டாம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தாய்மார் தலைமாட்டுக்குப் போனார்கள். தகப்பன்மார் கால்மாட்டுக்குப் போனார்கள். யாரும் இடம் கேட்கவில்லை. எங்கே நிற்பதென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குனிந்து பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள்.

இராசமணிதான் முதலில் உடைந்தாள். “என்ர குஞ்சு…” என்று தொடங்கியவள் அப்படியே மகனின் நெஞ்சில் விழுந்தாள். “எழும்படா ராசா, என்ன பாவம் செய்தனான், என்னை விட்டிட்டு எங்கையடா போனனீ…” அதற்குப் பிறகு வரிசை முழுவதும் பற்றிக்கொண்டது. ஒருத்தி நெஞ்சில் அடித்தாள். ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். மேரிஜோசப்பின் முழங்காலில் நின்று, றோஸின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் செபமாலை சொன்னாள். வருத்தமில்லாத பிள்ளைகளின் தாய்மார்தான் எல்லாரையும்விடப் பலமாக அழுதார்கள். மரியநாயகம் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் குளிர்ந்திருந்தது. இது செத்தவீடு இல்லை, இது செத்தவீடு இல்லை என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார், கண்ணீர் கேட்கவில்லை.

இயந்திரப் பெட்டியிலிருந்து வந்த சத்தம் நிதானம் இழந்தது. ஒப்பாரி உயர உயர அதுவும் உயர்ந்தது. சர்சர்சர்ரென்று இரைந்து, அழுகைக்கு மேலாகவும் கேட்டது. கிடந்த பிள்ளைகளில் ஒன்றும் அசையவில்லை. துரையின் மனைவி பயந்துபோய் என்ன இது என்று கேட்டாள்.

“இது தீவுத் தாய்மார் நன்றி தெரிவிக்கும் முறை” என்றார் டொக்டர் அப்புத்துரை. பிறகு பின்பக்கமாகக் கையை நீட்டி, இயந்திரத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். துரையின் மனைவிக்குக் கண் கலங்கியது. அவளும் கைகூப்பி நன்றி தெரிவித்தாள். தம்பிராசா படத்தை எடுத்தார். நல்ல படமாக வந்ததென்று பிறகு சொன்னார்கள்.

பின்னேரம் வாசலடி வாங்கில் வைத்து றோஸ் கண் திறந்தாள். குடித்த மருந்து வெளியே வர இரண்டு தரம் சத்தி எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். தாயின் முகத்தையும் தகப்பனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அப்பா, நான் செத்திட்டனோ?”

“என்ன கதை கதைக்கிறாய் குஞ்சு! நித்திரை கொண்டனீ.”

“நான் நித்திரை கொள்ளேல்லை. கண்ணைத் திறக்க ஏலாமல் கிடந்தனான். எல்லாரும் அழுதவை. அம்மா என்ர பேரைச் சொல்லிச் செபம் சொன்னவ. நான் அம்மா, அம்மா எண்டு கூப்பிட்டனான். சத்தம் வரேல்லை.”

“கனவு கண்டிருப்பாய், பிள்ளை.”

“இல்லை. படம் எடுக்கிற மாமா சொன்னவரெல்லோ, ஒருத்தரும் சிரிக்கவேண்டாம் எண்டு.” பிள்ளை தன் விரலைப் பார்த்தாள். “பக்கத்திலை கிடந்த பெடியனும் நித்திரை கொள்ளேல்லை. அவன்ர விரல் என்ர விரலிலை முட்டிக்கொண்டு கிடந்தது. அவன்ர அம்மா அழேக்கை அது மட்டும் துடிச்சுது.”

மேரிஜோசப்பின் ஐயோ என்று வாயைப் பொத்தினாள். மரியநாயகம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்க வந்த கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது.

“நீ வழமையாப் போறனியெல்லோ குஞ்சு… அப்பவும் இப்பிடித்தானோ?”

றோஸ் யோசித்தாள். “இல்லை அப்பா. அங்கை ஒண்டும் இல்லை. அங்கை நானும் இல்லை. இதிலை நான் இருந்தனான்.”

அவர் பிள்ளையைத் தாயின் மடியில் விட்டுவிட்டு நேரே உள்ளே போனார். முருகேசு மறிக்கவில்லை. பணிப்பாளர் விருந்தில் மிஞ்சிய கேக் துண்டோடு மேசையில் இருந்தார்.

“வாரும். நல்ல செய்தி. உம்முடைய பிள்ளையின் ஓட்டம் எங்கள் அட்டவணையோடு அப்படியே பொருந்துகிறது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.”

“அப்ப ஏன் ஐயா போறாள்?”

“போகும்போது படம் எடுக்கவில்லையே. நித்திரையில் பிள்ளை போகவில்லை, நானே பார்த்தேன். ஆகவே நித்திரையில் வைத்திருப்பது நல்லது. மருந்து தரச் சொல்கிறேன்.”

“பிள்ளை நித்திரை கொள்ளேல்லை ஐயா. எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். கத்தியிருக்கிறாள், சத்தம் வரேல்லை. பக்கத்திலை கிடந்த பெடியனும் அப்பிடித்தானாம். நாங்கள் அழேக்கை அந்தப் பெட்டி எப்பிடி இரைஞ்சது எண்டு உங்களுக்கும் கேட்டதெல்லோ?”

“குறுக்கீட்டை அழித்துவிட்டோம். மிச்சம் உள்ளது சுத்தமான பதிவு.”

“அழிச்சாப்போலை நடக்காததோ ஐயா? கை கால் ஆட்ட ஏலாமல், வாய் திறக்க ஏலாமல், பயந்து செத்துக்கொண்டு கிடந்ததுகள் அந்தப் பிள்ளையள். அந்த ரத்தத்தை அளந்துபோட்டு அதுதான் சரியான அளவு எண்டு அட்டவணை போட்டு வைச்சிருக்கிறியள்.”

டொக்டர் அப்புத்துரை கோபிக்கவில்லை. முன்னரே சொன்னதுபோல நல்ல மனிதர். கேக் துண்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக யோசித்தார்.

“நீர் சொல்வதை ஏற்றுக்கொண்டால், அசையாமல், பேசாமல், பயந்து கிடக்கும் நிலைதான் தீவகப் பிள்ளையின் இயல்பான நிலை என்று எழுதவேண்டி வரும்.” யன்னலுக்கு வெளியே கடலைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “எழுதலாம்” என்றார். “இதுவரை ஒருவரும் எழுதவில்லை.”

மரியநாயகத்துக்கு அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வெளியே வந்தார். இராசமணியிடம் போய் மகள் சொன்ன விரல் கதையைச் சொன்னார். அவள் எழுந்தாள். நித்திரையில் கிடந்த மகனின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அந்தப்படியே பஸ்ஸுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் பாதி இருக்கைகளில் நித்திரை ஆசுப்பத்திரிப் பிள்ளைகள், தாய்மாரின் மடியில் துவண்டு கிடந்தார்கள். றோஸ் தகப்பனின் மடியில் இருந்தாள். முதல்நாள் இரவு முழித்த பிள்ளை, மருந்தும் முழுதாக இறங்கவில்லை. தலை ஆடியது.

“றோஸ்” என்றார் மரியநாயகம்.

“முழிச்சிருக்கிறன், அப்பா.”

கொஞ்சத் தூரம் போக அவர் திரும்பவும் கூப்பிட்டார். முழிச்சிருக்கிறன் என்றாள் திரும்பவும், மெல்லிய குரலில். பள்ளம் ஒன்றில் விழுந்து பஸ் குலுங்கியது. அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. முகத்தைத் திருப்பிப் பார்த்தார். இமை பாதி மூடியிருந்தது. பிள்ளை களைத்து நித்திரையாகிவிட்டதா, வழக்கம்போலப் போய்விட்டதா, அல்லது உள்ளே முழித்துக்கொண்டு அப்பா, அப்பா என்று கத்துகிறதா? அவரால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு நாளும் அவருக்கு ஒரு பயம்தான் இருந்தது. நித்திரை ஆசுப்பத்திரிக்குப் போய் மூன்றாக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அவர் பிள்ளையின் காதோரம் குனிந்தார்.

“குஞ்சு, இப்ப பஸ்ஸிலை போறம். அம்மா பக்கத்திலை இருக்கிறா, உன்ர காலைப் பிடிச்சுக்கொண்டு. இந்தா, சாட்டிக்குத் திரும்புற றோட்டு வருது. ஒராள் சைக்கிளிலை பனையோலை கட்டிக்கொண்டு போறார், ஓலை றோட்டைக் கூட்டிக்கொண்டு போகுது. நாய் ஒண்டு கலைக்குது.”

கொண்டக்டர் வந்து காசுக்குக் கையை நீட்டினார். “நித்திரைப் பிள்ளையோடை என்ன கதை அண்ணை?” என்றார் சிரித்துக்கொண்டு.

“நித்திரையோ எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார் மரியநாயகம்.

முன் இருக்கையில் இருந்த இராசமணி திரும்பிப் பார்த்தாள். பிறகு மகனின் முகத்துக்குக் குனிந்தாள். “ராசா, அம்மாவடா” என்றாள். அவளுக்கு அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. “இண்டைக்கு மாடு கண்டு போட்டிடும். செங்கண்டு எண்டால் உனக்குத்தான்” என்றாள். பஸ்ஸின் பின்பக்கமிருந்து இன்னொரு தாயின் குரல் கேட்டது. பிறகு ஒரு தகப்பனின் குரல். ஒவ்வொருவரும் தம் மடியில் கிடந்த பிள்ளைக்கு, வெளியே தெரிந்ததையெல்லாம், வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். இராசமணி வேலணையில் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பஸ் புறப்பட்ட பிறகும் அவள் குரல் றோட்டில் கேட்டது.

அல்லைப்பிட்டி தாண்டியபோது மரியநாயகத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து மேரிஜோசப்பின் தொடர்ந்தாள். இரண்டு பக்கமும் கடல் வந்தது. றோஸின் கண் அப்படியே இருந்தது. அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு திரும்பவும் குனிந்தார்.

“இப்ப தண்ணிக்கு நடுவாலை போறம், குஞ்சு. எங்கட வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். பயப்பிடாதை. நீ பதில் சொல்லத் தேவையில்லை. அப்பா கதைச்சுக்கொண்டே இருப்பன்.”